நேற்றைய உப்பேரியும் இன்றைய பருவும்: முகப்பருவின் காரணம் பற்றிய நம்பிக்கைகளில் ஒரு காலக்கணக்குப் பிழை

கரமனை அக்ரகாரத்தில் ஒரு காலைநேரம். அந்த வீட்டுக்கு நான் விருந்தாளி. கல்லூரிக்குக் கிளம்பி நிற்கிற பேத்தியின் நெற்றியில் புதிதாகச் சிவந்திருக்கும் மூன்று பருக்கள் பாட்டியின் கண்ணில் பட்டுவிட்டன. "நேத்து ராத்திரி உப்பேரிப் பொட்டலத்தை ஒருத்தியாவே காலி பண்ணினியே, இன்னிக்கு முகத்துல வந்து நிக்கறது பாரு." ஏத்தங்காய் வறுவலுக்குத் திருவனந்தபுரத்தில் உப்பேரி என்றுதான் பெயர். பேத்திக்கு இதில் உடன்பாடில்லை. அவள் கணக்குப்படி குற்றவாளி தாரன், அதாவது பொடுகு. அது உதிர்ந்து நெற்றியில் விழுந்தால் 'முகக்குரு' வரும் என்பது இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். அடுக்களையிலிருந்து அம்மா, "ரெண்டும் இல்லை, உடம்புச் சூடு" என்றாள். திண்ணையிலிருந்த எதிர்வீட்டு மாமியின் வாக்கு இன்னும் சுருக்கம்: "கல்யாணம் ஆனா தானாப் போயிடும்."

இத்தகைய நம்பிக்கைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் 'இது தவறு, அது சரி' என்று மதிப்பெண் போடுவது சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களின் வழக்கம். அவ்வகைப் பட்டியல்கள் நமக்குப் பல பத்தாண்டுகளாகப் பழக்கம். நம்பிக்கைகளோ அசைந்த பாடில்லை. காரணம், பட்டியல் ஒவ்வொரு நம்பிக்கையையும் தனித்தனி அறியாமையாகப் பார்க்கிறது. இக்கட்டுரையின் வாதம் வேறு. உப்பேரி, பொடுகு, சூடு ஆகிய மூன்றும் ஒரே பிழையின் மூன்று முகங்கள். இன்று கண்ணில் பட்டது நேற்றோ முந்தாநாளோ தொடங்கியிருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது; பருவின் நாட்கணக்கோ அதுவல்ல. (மாமியின் திருமணக் கோட்பாடு இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்வது, அதற்குப் பிறகு வருகிறேன்.)

முதலில் தோலுக்குள் நடப்பது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் பெருகும்போது முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகின்றன. இந்த ஹார்மோன்கள் பெண் உடலிலும் உண்டு. சுரப்பியின் செல்கள் எண்ணெயை நிரப்பிக்கொண்டு, கடைசியில் தாமே வெடித்துச் சீபம் என்ற கொழுப்பாகின்றன. அதன் சேர்க்கை நாம் சாப்பிடும் எண்ணெயுடையது அன்று. சுரப்பி தானே சமைப்பது. அதே காலத்தில் மயிர்க்காலின் கழுத்துப் பகுதியில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகின்றன. தொடக்கத்தில் இந்த அடைப்பு நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும். கியூட்டிபாக்டீரியம் ஆக்னேஸ் என்ற பாக்டீரியா அதற்குள் பெருகுகிறது. 2016 வரை புரோப்பியோனிபாக்டீரியம் என்று அழைக்கப்பட்ட இது, பரு இல்லாதவர் தோலிலும் குடியிருப்பதுதான். ஆகவே பரு தொற்றுநோய் அல்ல. கடைசியில் உடலின் எதிர்வினை, சிவப்பு, வலி, சீழ். கண்ணுக்குத் தெரியாத அடைப்பிலிருந்து கண்ணாடியில் தெரியும் பரு வரை பல வாரங்கள் ஆகும். எட்டு வாரம் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பேத்தியின் நெற்றியில் இன்று சிவந்தது உப்பேரிப் பொட்டலம் கடைக்கு வருவதற்கு முன்பே விதைபோட்டது.

மலையாளச் சொல் இங்கே தற்செயலாகப் பொருந்துகிறது. முகக்குருவில் உள்ள 'குரு'வுக்குக் கொப்புளம் என்றும் விதை என்றும் பொருள் உண்டு. நாமும் வேர்க்குரு என்கிறோமே, அந்தக் 'குரு'தான்.

ஹார்மோனின் பங்கு புதிய செய்தியும் அல்ல. 1941 இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், விதைகள் முதிராத அல்லது அகற்றப்பட்ட ஆண்களைக் கவனித்து எழுதினார். அவர்களுக்குப் பரு வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது வந்தது. ரத்தத்தில் 'கேடு' எதுவும் சேராமலே, ஒற்றை ஹார்மோனைச் சேர்த்ததும் பரு முளைத்தது என்றால், ரத்தசுத்திக் கஷாயங்களின் அடிப்படை அங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஆனால் இந்தத் தவறுகளையெல்லாம் மரபின் தலையில் கட்டிவிடுவதும் சரியல்ல. 1889 இல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிற ஊர் இது. கேரள வைத்திய மரபுக்கு ஆதார நூல் வாக்படரின் அஷ்டாங்கஹிருதயம். அதன் உத்தரஸ்தானத்தில் சிறுநோய்களிடையே 'முகதூஷிகா' பேசப்படுகிறது: இலவமரத்து முள்ளின் வடிவம், வலி, கெட்டித்தன்மை, உள்ளே கொழுப்பு, இளைஞர் முகத்தில் வருவது. இலவமரத்து அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் துல்லியம் புரியும்: அகன்ற அடி, கூம்பிய முனை. கொழுப்பையும் வயதையும் சரியாகப் பிடித்துவிட்ட அந்த வரையறையில் பொரித்த பண்டத்துக்கு இடமில்லை. சுசுருதரும் இலவமுள் உவமையையே சொல்லி, கபம், வாதம், ரத்தம் மூன்றையும் காரணமாக்குகிறார். இன்றைய 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்ற பேச்சு இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டது. கோட்பாட்டை ஏற்காதவரும் உற்றுநோக்கலை ஏற்கலாம்.

சாலைக் கடைத்தெருவின் அங்காடி மருந்துக் கடைகளில் இந்த மரபின் எச்சம் பொட்டலமாகக் கிடைக்கிறது: பாச்சோற்றித் தொலி, ரக்தசந்தனம், வசம்பு, கஸ்தூரி மஞ்சள். கடைசியாகச் சொன்னதில் ஒரு விஷயம் உண்டு. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் கஸ்தூரி மஞ்சள் என்று விற்கப்படும் பொடி பெரும்பாலும் மஞ்சக்கூவை என்ற வேறு கிழங்கு. அசல் பொடி வெளிறிய நிறமும் கற்பூரம் கலந்தாற்போன்ற வாசனையும் கொண்டது. பருவுக்கு எது உகந்தது என்ற சண்டைக்குப் போவதற்கு முன், முகத்தில் பூசுவது என்ன கிழங்கு என்பதே பலருக்குத் தெரியாது.

உணவு பற்றிய வாதத்தில் கொஞ்சம் நின்றுபோக வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே படித்தவர்களும் அதே காலக்கணக்கில் இடறினார்கள். 1969 இல் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் மூவரும் சாக்லேட்டைச் சோதித்தார்கள். 65 பேர்: மருத்துவமனைக்கு வந்த இளவயதினர் 30, சிறைக்கைதிகள் 35. கைதிகளைச் சோதனைப்பொருளாக்கிய அக்கால அமெரிக்க ஆய்வுலகின் வெட்கக்கேட்டில் கிளிக்மனுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு பகுதியினருக்குச் சாக்லேட் செறிந்த பாளம், மற்றவர்க்குச் சாக்லேட் இல்லாத பாளம், நான்கு வாரம். பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். வேறுபாடு இல்லை. அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு 'உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை' என்று ஒரு தலைமுறை மருத்துவப் பாடநூல்கள் எழுதின. ஆனால் சாக்லேட் இல்லாத பாளத்திலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவு இருந்தன. அதைவிட, பரு உருவாக எட்டு வாரம் ஆகும் என்றால் நான்கு வாரச் சோதனை எதைப் பிடித்திருக்க முடியும்? பாட்டி ஒரு ராத்திரியில் தீர்ப்புச் சொன்னாள். இவர்கள் ஒரு மாதம் காத்திருந்தார்கள். இருவருக்கும் பொறுமை போதவில்லை.

2007 இல் ஆஸ்திரேலியாவில் ஸ்மித்தும் குழுவினரும் 43 இளைஞர்களை 12 வாரம் கவனித்தார்கள். ரத்தச் சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவை உண்டவர்களுக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. அவர்கள் உடல் எடையும் குறைந்தது என்பதால் எது எதன் விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நாட்கணக்கு சரியாக இருந்த ஆய்வில்தான் விளைவு தென்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. வேகமாக ஏறும் சர்க்கரை இன்சுலினையும், அதன் உறவான ஐ.ஜி.எஃப்-1 ஐயும் உயர்த்தும். இவை எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். இதன்படி பார்த்தால் உப்பேரியின் எண்ணெயைவிட, தட்டுக்கடையில் மைதா பரோட்டாவோடு குடிக்கிற சர்க்கரை நிறைந்த சாயாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சாயாவின் பால்மேலும் சந்தேகம் உண்டு. 2005 இல் வெளிவந்த அமெரிக்கச் செவிலியர் ஆய்வு 47,355 பெண்களிடம் கேட்டு, பால் குடித்ததற்கும் பருவுக்கும் தொடர்பு கண்டது. ஆனால் அவர்களிடம் கேட்டது உயர்நிலைப்பள்ளிக் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று, நடுவயதில். நினைவே சாட்சியாக நின்ற ஆய்வு அது. பாட்டியின் சாட்சியத்தை நிராகரிக்கிறவர்கள் இதையும் முழுக்க நம்பக்கூடாது.

தேங்காய்மேல் பழிபோடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிடாவா தீவில் 1200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்கும் பரு இல்லை என்று 2002 இல் லோரன் கார்டெய்ன் குழுவினர் எழுதினார்கள். கிழங்கு, பழம், மீன், தேங்காய் ஆகியவையே அந்தத் தீவினரின் உணவு. மரபணுவும் காரணமாக இருக்கலாம் என்ற எதிர்வாதம் நியாயமானது. இங்கிலாந்தில் இரட்டையரை ஆய்ந்தவர்கள் பருவின் வேறுபாட்டில் 81 விழுக்காட்டை மரபுவழிக்கே ஒதுக்கினார்கள். எப்படியிருந்தாலும், தினமும் தேங்காய் தின்று ஒரு பருகூட இல்லாத ஒரு தீவு இருக்கும்போது அவியலைக் குற்றம் சொல்வது கடினம்.

இனி, எண்ணெய். பாட்டி எண்ணெயைச் சந்தேகித்தது வீண் அல்ல. சந்தேகித்த எண்ணெய்தான் மாறிப்போயிற்று. 1970 இல் பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் மூவரும், தலைமுடிக்குப் பிசுபிசுப்பான பூச்சு போடும் ஆண்களின் நெற்றியிலும் கன்னப்பொறியிலும் வரும் பருக்களைத் தனி வகையாக விவரித்தார்கள். 'பொமேடு பரு' என்று பெயர். சாப்பிட்ட எண்ணெய் நெற்றிக்குப் போகாது; தலையில் தேய்த்த எண்ணெய் வழிந்து நேராக அங்கேதான் வரும். செம்பருத்தி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கேரளத்தில் ஏறக்குறைய ஒரு சடங்கு. அந்த வீட்டு அடுக்களைப் பரணில் பச்சை பூத்த எண்ணெய்ப் புட்டி ஒன்று நின்றது. தினமும் குளிக்கும் முன் பேத்தியின் உச்சியில் பாட்டி வைப்பது. பருக்கள் நெற்றியின் முடியோரத்தில் வரிசையாக இருந்ததை நான் கவனித்தேன். வாயைத் திறக்கவில்லை. விருந்தாளி.

பொடுகைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கல். பொடுகு உதிர்ந்து விழுவதால் பரு வருவதில்லை. இரண்டுக்கும் சீபம் பொதுவான தாய் என்பதால் இரண்டும் ஒரே வயதில், ஒரே ஆளிடம் சேர்ந்து நிற்கும். சேர்ந்து நிற்பவை ஒன்றையொன்று பெற்றவை ஆகா. ஆனால் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை, வெக்கையும் ஈரமும் உள்ள கடலோர ஊர்களில் மயிர்க்கால் அழற்சியையும் உண்டாக்கும். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு வரும் சிறு கொப்புளங்கள் அவை. பார்வைக்குப் பருபோல இருக்கும், பருவுக்கான ஆன்டிபயாட்டிக்கால் மோசமாகும். 'தாரன் குரு' என்று இந்த ஊர் சொல்வதில் ஒரு பங்கு இதுவாக இருக்கக்கூடும். சூடு என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு பாதி நியாயம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் வெப்பமண்டலத்துக்கு அனுப்பப்பட்ட படைவீரர்களிடம் முதுகு நிறைய வெடித்த கடும்பருவை மருத்துவர்கள் 'வெப்பமண்டலப் பரு' என்றே பதிந்தார்கள். அந்தச் சூடு உடுப்புக்கும் தோலுக்கும் நடுவே இருந்தது. கோழிக்குழம்பிலோ மாம்பழத்திலோ அல்ல.

அழுக்கு என்ற குற்றச்சாட்டைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். கரும்புள்ளியின் கருமைக்கு மெலனின் நிறமியும் காற்றுப்பட்ட கொழுப்பும் காரணம். சோப்பால் அது போகாது. 2006 இல் ஒரு சிறு ஆய்வில் முகத்தை நாளுக்கு ஒருமுறை, இருமுறை, நான்குமுறை கழுவச் செய்து பார்த்தார்கள். நான்குமுறை கழுவியதால் தனி ஆதாயம் எதுவும் இல்லை. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கு மட்டும் உறுதியாக ஒன்று கிடைக்கும்: கறுத்த திட்டு.

இப்போது மாமியின் திருமணக் கோட்பாடு. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய நூல்களிலும் பிரமச்சரியத்தையும் பருவையும் முடிச்சுப் போட்டவர்கள் இருந்தார்கள், ஆகவே மாமி தனியாள் அல்ல. இருபதுகளின் நடுவில் பலருக்குப் பரு தானே தணியும். அந்த வயதில் பலருக்குக் கல்யாணமும் ஆகும். மற்றவர்கள் காலத்தைச் சுருக்கினார்கள் என்றால் மாமி நீட்டினாள்: பத்தாண்டில் இயல்பாக நடப்பதை ஒரு முகூர்த்தத்தின் கணக்கில் எழுதிவிட்டாள். இந்த நம்பிக்கை சிரித்துவிட்டுப் போகக்கூடியதாகத் தோன்றும். ஆனால் மாதவிலக்கு தவறி, முகத்தில் ரோமம் கூடி, தாடையோரம் பரு முளைக்கிற பெண்ணுக்குச் சினைப்பை நீர்க்கட்டி, அதாவது ஊரில் சொல்லும் பி.சி.ஓ.டி., இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் ஜாதகம் பார்க்கிறார்கள்.

என் வாதத்துக்கு எதிராக நியாயமாக ஒன்று கேட்கலாம். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் பரு கூடுகிறதே? தேர்வு நேரத்தில் கூடுகிறதே? 2003 இல் ஸ்டான்ஃபோர்டில் 22 மாணவர்களைத் தேர்வுக்காலத்திலும் தேர்வில்லாக் காலத்திலும் பார்த்தபோது, மன அழுத்தம் கூடியவர்களுக்குப் பரு மோசமானது. இவை நாட்கணக்கில் நடப்பவைதாமே? ஆம். பருவுக்கு இரண்டு காலங்கள் உண்டு என்பதே என் விடை. அடைப்பு உருவாவது வாரக்கணக்கு. ஏற்கெனவே உள்ள அடைப்பு சிவந்து வீங்குவது நாட்கணக்கு. பார்வைக்கு இயல்பாக இருக்கிற மயிர்க்காலைச் சுற்றியும் அழற்சிச் செல்கள் கூடியிருப்பதை லீட்ஸ் ஆய்வாளர்கள் 2003 இல் காட்டியபிறகு, இந்த இரண்டுக்கும் நடுவே போடும் கோடு முன்போல அவ்வளவு கூர்மையாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வு கிளறிவிடும் தணல் தேர்வுக்கு முன்பே கனன்றுகொண்டிருந்தது என்பது மாறவில்லை.

காலக்கணக்குப் பிழை வெறும் வீட்டுத் திண்ணைப் பேச்சாக நின்றால் கட்டுரை எழுதவேண்டியதில்லை. அது மருந்துக்கடைக்குப் போகிறது. அடாப்பலீன் போன்ற ரெட்டினாய்டு களிம்புகள் புதிய அடைப்பு உருவாகாமல் தடுப்பவை. முளைத்துவிட்டதை அவை மந்திரம்போல் மறைப்பதில்லை. பயன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரங்கள் எரிச்சலும் தோல் உரிதலும், சிலருக்குப் பரு கூடுதலும் உண்டு. நேற்றைய உப்பேரிக்கு இன்று பரு என்று நம்புகிறவர் இந்தக் களிம்பை ஒரு வாரம் போட்டுவிட்டு, "இது எனக்கு ஒத்துக்கலை" என்று குப்பையில் போடுவது அவர் தர்க்கப்படி முற்றிலும் சரி.

அதே தர்க்கம் ஸ்டீராய்டு களிம்பை வாழ்த்தி வரவேற்கிறது. ஸ்டீராய்டு தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். சில மணிநேரத்தில் தோல் வெளுக்கும். களிம்பின் வீரியத்தை அளக்கவே 1962 முதல் இந்த வெளுப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டு நாளில் சிவப்பு அடங்கிவிடும், கூடவே முகம் 'நிறம் வைக்கும்'. காரணமும் விளைவும் அடுத்தடுத்து நிற்பதால், பார்ப்பவருக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை. பிறகு தோல் மெலிகிறது, ரத்தநாளங்கள் கோடுகோடாகத் தெரிகின்றன, ஒரே அச்சில் வார்த்ததுபோலப் புதிய பருக்கள் கிளம்புகின்றன. நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கிறது, மறுபடி பூசினால் அடங்குகிறது. கேடு செய்வதே மருந்தாகவும் தோன்றுகிற இந்தச் சுழலில், கேடு வந்தது மாதங்கள் கழித்து என்பதால் யாரும் களிம்பைச் சந்தேகிப்பதில்லை. நேற்று மாற்றிய சோப்பைச் சந்தேகிப்பார்கள்.

இந்திய மருத்துவமனைகள் 12 இல் நடந்து 2011 இல் வெளியான ஆய்வில், முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். சிவப்பழகு களிம்பாகப் பூசியவர்களும் பருவுக்காகப் பூசியவர்களும் அவர்களிடையே பெருந்தொகை. பாதிக்கு மேற்பட்டோருக்குப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்ல. மிகுதியாகக் காணப்பட்ட பக்கவிளைவு பருவேதான். தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து வற்புறுத்தியபின், 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணை 'எச்'சில் சேர்த்தது. சட்டம் கடைவரை வந்துவிட்டது. பழைய டியூபின் காலிக்கூட்டைப் பிதுக்கிக் காட்டி, "சேட்டா, இது தன்னெ ஒரெண்ணம்" (அண்ணா, இதுவே ஒன்று) என்று கேட்கிறவர் முன்னால் அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கடைக்குக் கடை மாறும்.

பரு பற்றிய நம்பிக்கைகளை அளக்கும் வினாத்தாள்கள் பொதுவாக ஒரே அச்சில் இருக்கின்றன: எண்ணெய்ப் பண்டத்தால் வருமா, அழுக்கால் வருமா, மன அழுத்தத்தால் வருமா, ஆம், இல்லை, தெரியாது. எத்தனை நாளில் வருகிறது என்ற கேள்வியை அவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது என் யோசனை. காரணத்தைத் தவறாகச் சொல்கிறவர்களும் மருந்தைப் பாதியில் விடுகிறவர்களும் இந்த ஒரே கேள்வியில் ஒன்றுபோல விடை சொல்வார்கள் என்றால் இங்கே முன்வைத்த வாதம் நிற்கும், இல்லையென்றால் விழும். கரமனையில் கிளம்பும்போது இதை வெள்ளோட்டமாகப் பேத்தியிடம் கேட்டுப் பார்த்தேன்: இந்த மூன்றும் எப்போது தொடங்கியிருக்கும்? கைப்பேசிக் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே, "நேத்துதான்" என்றாள். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றாள் பாட்டி.